வேலை நிறைய இருக்கிறது, காசு நிற்கவில்லை: வன்னியில் சேவைத் தொழில் செய்கிறவர்கள் கொஞ்சம் வாருங்கள்

பம்புத்தம்பி (கனகபுரம், கிளிநொச்சி)

எல்லோருக்கும் வணக்கம். நான் தண்ணீர்ப் பம்பு, மோட்டர் திருத்துகிறவன். வீட்டு வயரிங்கும் எடுப்பேன். கனகபுரத்தில் சின்னக் கடை ஒன்று இருக்கிறது, ஆனால் பாதி வேலை வெளியில்தான். உருத்திரபுரம், அக்கராயன், ஸ்கந்தபுரம், சில நேரம் பூநகரி வரைக்கும் போவேன். வேலைக்குக் குறைவில்லை. சிறுபோகம் (கோடை வயல் செய்கை) தொடங்கினால் போனைக் கீழே வைக்க நேரமிருக்காது. ஆனாலும் மாதக் கடைசியில் மிஞ்சுவது, முன்பு இன்னொருவர் கடையில் நாட்கூலிக்கு நின்றபோது கிடைத்ததை விடப் பெரிதாக ஒன்றும் இல்லை.

பேஸ்புக்கில் ஒருவர் "மனநிலையை மாற்று, வருமானம் மூன்று மடங்காகும்" என்று சூமில் வகுப்பு நடத்துகிறார். கட்டணம் என் ஒரு கிழமை உழைப்பு. இலவசமாக விட்ட முதல் பகுதியைப் பார்த்தேன். பாதி எனக்கு ஒட்டவில்லை, விடிய நாலு மணிக்கு எழும்பு, கண்ணாடியைப் பார்த்துப் பேசு என்று போனது. ஒரு கேள்வி மட்டும் குத்தியது: "உங்கள் கூலியைச் சொல்ல ஏன் கூச்சப்படுகிறீர்கள்?"

உண்மைதான். வேலை முடிந்து கை கழுவும்போது வீட்டுக்காரர் "எவ்வளவு தம்பி?" என்று கேட்டால், என் வாயில் வருவது "நீங்கள் பாத்துத் தாங்கோ". தருவதை எண்ணாமல் பொக்கற்றில் வைத்துக்கொண்டு வருவேன். இது என் தலைக்குள் இருக்கிற பிரச்சினையா, இல்லை எங்கள் சனத்திடம் காசில்லாத பிரச்சினையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓமந்தை_ஓட்டோ

வகுப்பு நடத்துகிறவரின் வருமானம் கட்டாயம் மூன்று மடங்காகும் தம்பி. அதில் சந்தேகம் இல்லை.

தையலக்கா (புதுக்குடியிருப்பு)

தம்பி, வகுப்புக்குக் காசு கட்ட வேண்டாம். ஒரு பிரிஸ்டல் போட் வாங்குங்கள். அதில் பம்பு கழற்றிப் பார்க்க இவ்வளவு, சீல் மாற்ற இவ்வளவு, வீட்டுக்கு வந்தால் இவ்வளவு என்று எழுதிக் கடையில் தொங்க விடுங்கள்.

நானும் பாவாடை சட்டைக்கு ஒரு விலை, லைனிங் வைத்த பிளவுஸுக்கு ஒரு விலை, பள்ளிக்கூடச் சீருடைக்கு ஒரு விலை என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒட்டின புதிதில் சொந்தக்காரர்தான் முதலில் முகத்தைத் தூக்கினார்கள். "எங்களுக்குமா போட்?" என்று ஒரு மச்சாள் கேட்டா. "போட் எல்லாருக்கும்தான் மச்சாள், ஆனா உங்களுக்கு முதல்ல தைச்சுத் தருவன்" என்று சொன்னேன். ஒரு மாதம் வரவில்லை. பிறகு வந்தா, இப்போதும் வருகிறா.

விலை வாயிலிருந்து வந்தால் அதில் பேரம் இருக்கிறது. எழுத்தில் இருந்தால் ஆட்கள் வாசித்துவிட்டுத் துணியை எடுக்கிறார்கள், இல்லாவிட்டால் போய்விடுகிறார்கள். எனக்கு இரண்டும் சரி.

மல்லாவி_வயல்காரன்

தம்பி, நான் உங்களைப் போன்றவர்களைக் கூப்பிடுகிற பக்கம். வவுனிக்குளத் தண்ணீரில் செய்கிற காணி ஒன்று, மேட்டுக் காணி ஒன்று. மேட்டுக் காணியில் கிணறும் பம்பும்தான் உயிர். அதனால் வாடிக்கைக்காரனின் மனதில் என்ன ஓடுகிறது என்று சொல்கிறேன்.

நீங்கள் "பாத்துத் தாங்கோ" என்றால் எனக்கு அது மரியாதையாகப் படுவதில்லை, சங்கடமாக இருக்கிறது. கூடக் கொடுத்தால் நான் ஏமாளி. குறையக் கொடுத்தால் அடுத்த முறை நீங்கள் வரமாட்டீர்கள். பக்கத்துக் காணிக்காரனிடம் போய் "நீ போன முறை எவ்வளவு குடுத்தனி?" என்று விசாரித்துவிட்டுத்தான் உங்களைக் கூப்பிடுகிறேன். விலை தெரியாத வேலையைத் தள்ளிப்போடுவோம். தெரிந்தால் கடன் வாங்கியாவது செய்வோம்.

இன்னொன்று. மிளகாய் பூத்து நிற்கிற நேரம் பம்பு நின்றால், நான் உங்களிடம் வாங்குவது ஒரு மணித்தியால வேலை இல்லை. அந்த வெயிலில் ஒரு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் பூ கொட்டும். அப்போது நீங்கள் இன்றைக்கே வந்தால் ஆயிரம் ரூபாய் கூடக் கேட்டாலும் நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் இங்கே நடப்பது என்ன? "நாளைக்கு வாறன் அண்ணை." நாளைக்கு வராது. மறுநாள் போன் எடுக்காது. மூன்றாம் நாள் வந்து, நல்ல பிள்ளை மாதிரிக் குறைந்த காசு வாங்கிக்கொண்டு போவது. எனக்கு அந்தக் குறைந்த காசு வேண்டாம். வராவிட்டால் வரமாட்டேன் என்று சொல்லுங்கள், நான் வேறு ஆளைப் பார்ப்பேன்.

உங்கள் தலைக்குள் மாற வேண்டியது ஏதாவது இருந்தால், முதலில் இதுதான். முடியாது என்று சொல்லப் பழகுங்கள்.

கணக்குப்பிள்ளை (வவுனியா)

வயல்கார அண்ணை சொன்னதற்கு மேல் நான் கணக்கை மட்டும் வைக்கிறேன். வவுனியாவில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்: தன் ஒரு மணித்தியாலம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

உதாரணத்துக்கு வைப்போம். வீட்டுக்கு மாதம் 90,000 ரூபாய் வேண்டும். பெற்றோல், போன், கடை வாடகை, கரண்ட், கருவித் தேய்மானம், மோட்டார் சைக்கிள் சேவிஸ் எல்லாம் சேர்த்து 35,000. மொத்தம் 125,000. மாதத்தில் 26 நாள் ஓடுகிறீர்கள். நாளுக்கு பத்து மணித்தியாலம் உழைப்பதாகத்தான் தோன்றும். ஆனால் டவுனுக்குச் சாமான் வாங்கப் போனது, வீட்டில் ஆளில்லாமல் திரும்பி வந்தது, வழியில் மறித்து "தம்பி இதையும் ஒருக்கா பார்" என்றவருக்கு நின்றது எல்லாவற்றையும் கழித்தால், யாரோ ஒருவர் காசு தருகிற நேரம் நாளுக்கு நாலு மணித்தியாலம் மிஞ்சினால் பெரிது. 26 நாளுக்கு 104 மணித்தியாலம். 125,000ஐ 104ஆல் பிரியுங்கள். மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1,200 ரூபாய். அதற்குக் கீழே வாங்கினால் உங்கள் வீடுதான் வாடிக்கைக்காரனுக்குக் காசு கொடுக்கிறது.

உங்கள் சொந்த எண்களைப் போட்டுப் பாருங்கள். ஒரு கிழமைக்கு ஒரு கொப்பியில் நேரத்தை எழுதினால் போதும். அக்கராயனுக்குப் போய் வருகிற நேரமும் வேலை நேரம்தான், அதை ஒருவரும் எழுதுவதில்லை.

அப்புறம், பழைய விலை. 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் நின்றது, மே மாதம் 360 அளவுக்குப் போனது. 92 ஒக்டேன் பெற்றோல் 2021 கடைசியில் 177 ரூபாய், 2022 ஜூன் கடைசியில் 470. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி அந்த செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம். பிறகு பெற்றோல் இறங்கியது, பணவீக்கமும் இறங்கியது. பணவீக்கம் இறங்கினால் சாமான் விலை பழைய இடத்துக்குத் திரும்பியது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, ஏறுகிற வேகம்தான் குறைந்தது. செப்புக் கம்பியின் விலையை நீங்களே அறிவீர்கள். சாமான் புது விலையில், கூலி மட்டும் 2021 விலையில் என்றால் மாதக் கடைசியில் என்ன மிஞ்சும்?

ஓமந்தை_ஓட்டோ

கணக்கு வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் கேட்பது வேறு. 1,200 கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் எங்கிருந்து வருகிறது? தலைக்குள் இருந்தா? இல்லை. வெள்ளிக்கிழமை வாசலில் வந்து நிற்கிற லோன்காரனிடமிருந்து வருகிறது.

ஓட்டோ லீசிங் ஒன்று, மனிசி பெயரில் குழுக் கடன் ஒன்று என்று இருக்கிறவனுக்கு, நாளைக்கு வரப்போகிற 2,000 ரூபாயை விட இன்றைக்குக் கையில் கிடைக்கிற 700 ரூபாய் பெரிது. அவன் குறைந்த விலைக்கு ஓடுவது தாழ்வு மனப்பான்மையால் இல்லை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்கிற நிலை வந்ததே, அது சும்மா வந்ததா? அந்தப் பெண்களுக்கெல்லாம் மனநிலை சரியில்லை என்று சொல்லுவீர்களா?

எல்லாவற்றையும் மனதின் தலையில் கட்டுவது வசதியான ஆட்களின் பேச்சு.

கணக்குப்பிள்ளை (வவுனியா)

ஓட்டோ அண்ணை, நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. நான் பார்த்த கடைகளில் கூலியைக் கூட்ட முடியாமல் இருக்கிறவர்களில் பெரும்பாலானோர் கிழமைத் தவணை கட்டுகிறவர்கள்தான். அவர்களுக்கு விலைப் போட்டுக்கு முன்னால் கடனைச் சரிப்படுத்துவதுதான் வேலை.

"24 வீதம்தான்" என்று சொல்லித் தருகிற கடனை ஒரு முறை பிரித்துப் பாருங்கள். ஒரு இலட்சம் எடுத்து, 24,000 வட்டியை மேலே வைத்து, 124,000ஐ 12 மாதத்தில் சமமாகக் கட்டச் சொல்கிறார்கள். மாதம் 10,333. ஆனால் அந்த ஒரு இலட்சம் வருடம் முழுக்க உங்கள் கையில் இருப்பதில்லை. ஆறாம் மாதம் பாதி திரும்பிப் போய்விட்டது, வட்டி மட்டும் முழு இலட்சத்துக்கும் கட்டுகிறீர்கள். குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அது வருடத்துக்கு 40 வீதத்தைத் தாண்டுகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன் "இது குறைந்து செல்லும் மீதிக்கா, முழுத் தொகைக்கா?" என்று கேளுங்கள். சிரித்து மழுப்பினால் எழும்பி வாருங்கள்.

இரண்டாவது, தவணை எந்த மாதத்தில் விழுகிறது என்பது. எங்கள் பக்கத்தில் காசு புழங்குவது காலபோக (மாரி மழைச் செய்கை) அறுவடையோடு, மாசி பங்குனியில். சிறுபோகம் செய்கிற இடங்களில் ஆவணி புரட்டாதியில் இன்னொரு முறை. ஐப்பசி கார்த்திகையில் எல்லோரும் விதைநெல்லுக்கும் உரத்துக்கும் கொட்டிவிட்டு வெறும் கையோடு நிற்பார்கள். சமமான கிழமைத் தவணை இந்த ஊருக்குப் பொருந்தாத சட்டை. போகத்தோடு கட்டுகிற மாதிரிக் கூட்டுறவு சங்கத்திலோ வங்கியிலோ கேட்டுப் பார்க்கலாம்.

பம்புத்தம்பி (கனகபுரம், கிளிநொச்சி)

ஓட்டோ அண்ணை, எனக்குக் குழுக் கடன் இல்லை, மோட்டார் சைக்கிள் லீசிங் மட்டும்தான். அதனால் பயத்துக்குச் சாட்டுச் சொல்ல முடியாது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் மணித்தியாலம் 1,200க்குக் கிட்டத்தான் வர வேண்டும், ஆனால் வாங்குவது அதில் பாதி. இதுவரைக்கும் எப்படிச் சமாளித்தேன் என்றும் விளங்கியது. கூலியைக் கேட்கக் கூச்சம், ஆகவே கெப்பாசிற்றரிலும் பெயாரிங்கிலும் கொஞ்சம் கூட வைப்பேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

மல்லாவி_வயல்காரன்

அது எங்களுக்குத் தெரியும் தம்பி. ஆகத்தான் நாங்களே டவுனில் போய் பெயாரிங்கை வாங்கிக்கொண்டு வந்து கையில் தருகிறோம்.

தொழில்வாத்தியார் (பரந்தன்)

இந்த இடத்தில் நான் உள்ளே வருகிறேன். தொழில்நுட்பப் பயிற்சி கொடுக்கிற வேலையில் இருக்கிறேன், இழையை முதலில் இருந்து வாசித்தேன்.

சாமானில் இலாபத்தை ஒளிப்பது இரண்டு பக்கமும் வெட்டுகிறது. வாடிக்கைக்காரர் விலையை விசாரித்து அறிந்த அன்றைக்கு நீங்கள் கள்ளன். அதோடு போகாது. அவர் அடுத்த முறை சாமானைத் தானே வாங்கி வந்தால் உங்கள் வருமானமே இல்லை, ஏனென்றால் கூலி என்று ஒன்று உங்கள் பில்லில் இருந்ததே கிடையாது. அவர் வாங்கி வந்த மலிவுச் சாமான் ஒரு மாதத்தில் போனால் பழியும் உங்கள் தலையில்.

பில்லை மூன்று வரியாக எழுதுங்கள். சாமான், கூலி, போக்குவரத்து. சாமானுக்குக் கடைப் பற்றுச்சீட்டைக் காட்டுங்கள். முறிகண்டியில் கச்சான் விற்கிற அம்மாமாரைப் பாருங்கள், விலை சொல்ல ஒருவரும் கூச்சப்படுவதில்லை. கையில் பிடித்துக் காட்ட ஒரு பொருள் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பழுது எங்கே என்று கண்டுபிடிக்கிற மூளை வேலையைக் காட்ட முடியாது என்பதால் நாமே அதைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறோம். ஆகவே காட்டுங்கள். எரிந்த கொயிலைக் கழற்றி வீட்டுக்காரர் முன்னால் வையுங்கள், ஏன் எரிந்தது என்று இரண்டு வசனம் சொல்லுங்கள்: வோல்டேஜ் குறைந்து ஓடியதா, தண்ணீர் இல்லாமல் ஓடியதா, இடி விழுந்ததா. மோட்டரைக் காக்கிற ஓவர்லோட் சுவிட்ச் ஒன்று போட்டிருந்தால் தப்பியிருக்கும் என்பதையும் சொல்லுங்கள். பத்தில் மூன்று பேராவது அதைப் போடச் சொல்லுவார்கள், அதுவும் உங்கள் வேலைதான்.

கடல்கடந்தவன் (ரொறொன்ரோ, பூர்வீகம் முள்ளியவளை)

வாத்தியார் சொன்ன மூன்று வரிப் பில்லைப் பற்றி. எனக்கு முள்ளியவளையில் அம்மா இருக்கிற வீடு. கூரை, வயரிங், கிணற்று மோட்டர் எல்லாம் இங்கிருந்து போனில்தான் பார்க்கிறேன். வேலைக்குக் காசு அனுப்பத் தயாராகத்தான் இருக்கிறேன். எனக்கு வேண்டியது வேலைக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம், பில், திரும்பப் பழுதானால் எவ்வளவு காலத்துக்குள் வந்து பார்ப்பீர்கள் என்று ஒரு வார்த்தை. இதை வட்ஸ்அப்பில் ஒழுங்காகச் செய்கிற ஒரே ஒருவருக்கு என் தெருவில் இருந்து வெளிநாடு போன எல்லோருடைய வீட்டு வேலையும் போகிறது.

இதையும் சொல்லத்தான் வேண்டும். கனடா என்று தெரிந்ததும் விலை இரண்டு மடங்காகிறது. அதில் எங்களுக்குக் கோபம்.

தையலக்கா (புதுக்குடியிருப்பு)

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு வந்து நிற்கிற வெளிநாட்டு ஆட்கள் "மூன்று நாளில் பிளவுஸ் வேணும், அஞ்சு பேருக்கு" என்பார்கள். நான் கூட வாங்குகிறேன். ஆனால் வெளிநாடு என்பதற்காக இல்லை, மூன்று நாளில் கேட்பதற்காக. போட்டில் அவசர விலை என்று தனி வரி இருக்கிறது. உள்ளூர் ஆள் மூன்று நாளில் கேட்டாலும் அதே விலை. அப்படிச் செய்தால் கோபம் வராது.

கடல்கடந்தவன் (ரொறொன்ரோ, பூர்வீகம் முள்ளியவளை)

அக்கா, அதை ஏற்றுக்கொள்கிறேன். இங்கேயும் அப்படித்தான்.

பம்புத்தம்பி (கனகபுரம், கிளிநொச்சி)

எல்லாம் விளங்குகிறது. ஒரு இடத்தில்தான் நிற்கிறேன். போன கிழமை ஒரு அம்மாவின் வீட்டு மோட்டர். தனிய இருக்கிறா, மகன் இல்லை. எங்கள் பக்கத்தில் அப்படி எத்தனை வீடு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவவிடம் போய் மணித்தியாலம் 1,200 என்று எப்படிச் சொல்வது? சொல்ல முடியாமல் போகிற அந்தப் பழக்கம்தான் பிறகு எல்லா வீட்டிலும் வாயைக் கட்டுகிறது என்று நினைக்கிறேன்.

தையலக்கா (புதுக்குடியிருப்பு)

நானும் யுத்தம் முடிந்து முகாமில் இருந்து திரும்பி வந்து, ஒரு உதவித் திட்டத்தில் கிடைத்த மெசினோடு தொடங்கியவள். ஆகவே இதைப் பற்றி எனக்குப் பேச உரிமை இருக்கிறது.

அந்த அம்மாவிடம் வாங்க வேண்டாம். ஆனால் "பரவாயில்லை அம்மா" என்று சொல்லிவிட்டு ஓடிவரவும் வேண்டாம். பில்லை முழுதாக எழுதுங்கள். கூலி இவ்வளவு, கழிவு இவ்வளவு, தர வேண்டியது சாமான் காசு மட்டும். அவவுக்கும் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தெரிய வேண்டும், உங்கள் கொப்பிக்கும் தெரிய வேண்டும். அவ பிச்சை எடுக்கவில்லை, நீங்கள் தள்ளிக் கொடுத்தீர்கள். சில பேர் பிறகு முருங்கைக்காயோ நாட்டுக்கோழி முட்டையோ கொண்டுவந்து தருவார்கள், மறுக்காமல் வாங்குங்கள்.

மாதத்தில் இப்படி எத்தனை வேலை உங்களால் முடியும் என்று முதலிலேயே ஒரு அளவு வைத்துக்கொள்ளுங்கள். இரக்கம் உள்ளவர்களுக்கு அளவு தெரியாவிட்டால் கடை பூட்டுப்படும், பூட்டின பிறகு அந்த அம்மாவுக்கு யார் வருவது? நல்ல வீடு கட்டி, கார் நிறுத்தி வைத்துக்கொண்டு "பாத்துப் போடு தம்பி" என்கிறவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. அவர்களுக்குத்தான் நீங்கள் இவ்வளவு நாளும் தானம் செய்திருக்கிறீர்கள்.

ஓமந்தை_ஓட்டோ

அக்கா சொன்ன கடைசி வரிக்கு ஒரு கைதட்டு.

மல்லாவி_வயல்காரன்

கடன் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. விவசாயியிடம் வேலை செய்தால் கடன் சொல்லுவான். நானும் சொல்லுவேன். அதில் வெட்கம் இல்லை, நெல்லு வெட்டினால்தான் காசு. ஆனால் கடனுக்கும் ஒரு முறை இருக்கிறது தம்பி. சாமான் காசைக் கையோடு வாங்குங்கள், அதை ஒருவரும் மறுக்க முடியாது. கூலியை அறுவடைக்கு என்று எழுதுங்கள், ஆனால் "அறுவடைக்கு" என்று மட்டும் எழுத வேண்டாம், திகதி போடுங்கள். கொப்பியில் அவர் கையெழுத்து வேண்டும். முடிந்தால் வீட்டு அம்மாவுக்கும் தெரிய எழுதுங்கள். எங்கள் வீட்டில் நான் மறந்த கடனை எல்லாம் மனிசிதான் ஞாபகப்படுத்துவது, எனக்குப் பிடிக்காவிட்டாலும்.

நெல்லு விற்ற கிழமையில் வாருங்கள். அடுத்த கிழமை வந்தால் அந்தக் காசு நகைக் கடைக்கோ உரக் கடைக்கோ போயிருக்கும்.

தொழில்வாத்தியார் (பரந்தன்)

விலையைக் கூட்டுவதற்கு ஒரு எல்லை இருக்கிறது. அதற்கு மேலே போக வேண்டுமானால் பக்கத்துக் கடைக்காரனுக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரிய வேண்டும். சோலார் பம்பு வைக்கிற காணிகள் கூடிக்கொண்டு வருகின்றன. கொன்ட்ரோலர் பழுதானால் இங்கே பார்க்கிற ஆள் குறைவு, பலர் வெளியூரில் இருந்து ஆள் வரும் வரைக்கும் காத்திருக்கிறார்கள். இன்வேட்டர் மோட்டரும் அப்படித்தான்.

தம்பிக்கு வேலையில் அனுபவம் இருக்கிறது, தாள் இருக்கிறதா? முன் அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் தருகிற முறை இருக்கிறது, அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி அதிகாரசபையான நைற்றாவில் கேளுங்கள். வகுப்பில் ஆறு மாதம் உட்காரத் தேவையில்லை, செய்து காட்டினால் போதும். முறையாகவே படிக்க விருப்பம் என்றால் அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் 2016 முதல் இருக்கிறது, உங்கள் கடையில் இருந்து தூரமே இல்லை. பாடசாலை, வைத்தியசாலை, நிறுவனக் கட்டட வேலைகளுக்கு விலைமனு போட வேண்டுமானால் தாளும் வியாபாரப் பெயர்ப் பதிவும் கேட்பார்கள். பதிவு பிரதேச செயலகத்தில் தொடங்குகிற வேலைதான்.

ஓமந்தை_ஓட்டோ

பதிவு செய்தால் வரிக்காரன் வருவானே?

கணக்குப்பிள்ளை (வவுனியா)

இந்தப் பயத்தில்தான் பாதிப் பேர் பதியாமல் இருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் இருந்து தனிநபர் ஒருவருக்கு வருட வருமானத்தில் 18 இலட்சம் வரை வரி விலக்கு. அதாவது செலவு கழித்து மாதம் ஒன்றரை இலட்சம். அதற்கு மேலே உழைக்கத் தொடங்கினால் எனக்குப் போன் எடுங்கள், மகிழ்ச்சியோடு கணக்கு எழுதித் தருகிறேன், கூலி போட்டில் இருக்கிறது.

பம்புத்தம்பி (கனகபுரம், கிளிநொச்சி)

படிக்க நேரம்? சிறுபோகத்தில் நான் வீட்டில் சாப்பிடுவதே இல்லை.

தொழில்வாத்தியார் (பரந்தன்)

கார்த்திகை மார்கழியில் எத்தனை பம்பு வருகிறது?

பம்புத்தம்பி (கனகபுரம், கிளிநொச்சி)

அது சரி. மழைக்கு ஒன்றும் வராது. வயரிங் வேலை கொஞ்சம், அவ்வளவுதான்.

மல்லாவி_வயல்காரன்

உங்கள் பக்கத்தில் இன்னொரு அறிகுறியும் இருக்கிறது தம்பி. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் இந்த வருடம் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று விவசாயிகள் கூட்டத்தில் முடிவானதும், அந்த வருடம் பம்பு வேலை எவ்வளவு வரும் என்று ஓரளவு கணிக்கலாம். சீல், பெயாரிங், கெப்பாசிற்றர் எல்லாம் கூட்டம் முடிந்த கையோடு வாங்கி வையுங்கள். பங்குனியில் எங்களுக்கும் கையில் காசு இருக்கிறது, பம்பும் சும்மா கிடக்கிறது. அப்போது நீங்களே போன் எடுத்து "அண்ணை, சிறுபோகத்துக்கு முன்னம் ஒருக்கா கழட்டிப் பாப்பமோ?" என்று கேட்டால் நான் ஓம் என்றுதான் சொல்லுவேன். இவ்வளவு வருடத்தில் ஒரு மெக்கானிக்கும் என்னை அப்படிக் கேட்டதில்லை. பழுதானால் நாங்கள் கூப்பிட வேண்டும் என்று எல்லோரும் காத்திருக்கிறீர்கள்.

பம்புத்தம்பி (கனகபுரம், கிளிநொச்சி)

அண்ணை, இது எனக்கு ஒரு நாளும் தோன்றவே இல்லை. போனில் பழைய இலக்கங்கள் எல்லாம் இருக்கின்றன.

அப்படி எடுத்துச் செய்தால் என் ஒருவனால் முடியாது. கடையில் கொயில் சுற்ற ஒரு பெடியனை வைத்துக்கொள்ளலாம் என்று யோசிக்கிறேன். பயமும் இருக்கிறது. நான் பழக்கி விட, இரண்டு வருடத்தில் எதிரில் கடை போட்டால்?

தையலக்கா (புதுக்குடியிருப்பு)

போடுவான். போடட்டும். என்னிடம் பழகின இரண்டு பிள்ளைகள் தனியத் தைக்கிறார்கள், ஒன்று விசுவமடுவில், மற்றது உடையார்கட்டில். தை பிறந்து கலியாணம் தொடங்கினால் என்னால் முடியாததை அவர்களுக்கு அனுப்புகிறேன். ஆரி வேலை அவர்களுக்கு வராது, அது என்னிடம் வருகிறது. பழகுகிற பிள்ளைக்குச் சம்பளத்தை இழுத்தடித்தால்தான் கோபத்தோடு போய் எதிரில் போடுவார்கள்.

கணக்குப்பிள்ளை (வவுனியா)

ஒருவரை வைத்தாலும் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டத்தான் வேண்டும் தம்பி. அவர் சம்பளத்தில் 8 வீதம், உங்கள் பங்கு 12 வீதம், ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) உங்கள் கையால் 3 வீதம். 40,000 சம்பளம் என்று பேசினால் உங்கள் கையால் போவது 46,000. மணித்தியாலக் கணக்கில் இதையும் சேர்த்து மறுபடி பிரியுங்கள். பெடியன் கடையில் கொயில் சுற்றுகிற நேரத்தில் நீங்கள் வெளியில் இரண்டு வீடு கூடப் பார்த்தால் அந்தக் காசு வந்துவிடும். அவன் உங்களோடு பின்னால் ஏறி வந்து ஸ்பானர் எடுத்துத் தருகிறவனாக இருந்தால் வராது.

பம்புத்தம்பி (கனகபுரம், கிளிநொச்சி)

கடையில் விட்டுவிட்டுப் போகலாம், கெட்டிக்காரப் பெடியன். கிட்ட உள்ள வீடுகளுக்கு அவனையே அனுப்பலாம் என்றும் பார்த்தேன். மோட்டார் சைக்கிள் ஓடுவான், லைசென்ஸ்தான் இல்லை.

ஓமந்தை_ஓட்டோ

அப்போ முதல் செலவு அதுதான். பரந்தன் சந்தியில் பொலிஸ் மறித்தால் உங்கள் ஒரு கிழமை இலாபம் அங்கேயே போய்விடும். வாகனம் ஓடப் பழக்குகிற நல்ல லேர்னர்ஸ் ஒன்று தெரியும், உள்பெட்டியில் இலக்கம் அனுப்புகிறேன்.